ஹியூமும் ரூசோவும்: 1766ஆம் ஆண்டின் பிளவு

ஸ்காட்லாந்துத் தத்துவவாதி டேவிட் ஹியூமுக்கும் ஜெனீவாவில் பிறந்த எழுத்தாளர் ழான் ழாக் ரூசோவுக்கும் இடையே 1766இல் மூண்ட பகைக்கு ரூசோவின் மனப்பிறழ்வுதான் காரணமா, அல்லது ஹியூமிடமும் குற்றம் உண்டா என்பது கேள்வி. சுருக்கமாகச் சொன்னால், ரூசோ நம்பியதுபோல அவருக்கு எதிராக ஹியூம் எந்தச் சதியும் செய்யவில்லை. அந்த அளவில் ரூசோவின் குற்றச்சாட்டு பொய். ஆனால் அவருடைய ஐயங்களுக்குத் தூண்டுதலாக இருந்த சிறு சம்பவங்களில் பல உண்மையிலேயே நடந்தவை. குற்றச்சாட்டு கைக்கு வந்த பிறகு ஹியூம் நடந்துகொண்ட விதமோ, அவருடைய வாழ்க்கையில் அவருக்குப் பெருமை சேர்க்காத மிகச் சில செயல்களுள் ஒன்று. ஆகவே ரூசோ அந்தக் குற்றச்சாட்டை எழுதிய 1766 ஜூன் 23க்கு முன்பு நடந்ததையும் பின்பு நடந்ததையும் தனித்தனியே எடைபோட வேண்டும் என்பது என் கருத்து. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி 'பைத்தியக்காரனுக்கு உதவி செய்து அவதிப்பட்ட நல்லவர்' என்ற கதையாகச் சொல்லும் வழக்கம், ஹியூமே அச்சிட்டு வெளியிட்ட சிறு நூலிலிருந்து வந்தது.

முதலில் ரூசோ எந்த நிலையில் இங்கிலாந்துக்கு வந்தார் என்பதைப் பார்க்க வேண்டும். 1762இல் 'எமீல்', 'சமூக ஒப்பந்தம்' என்ற இரண்டு நூல்களும் சில வார இடைவெளியில் வெளிவந்தன. 'எமீல்' நூலில் சமயம் பற்றி இடம்பெற்ற பகுதிக்காக பாரிஸ் உயர் நீதிமன்றம் அந்நூலை எரிக்கவும் ஆசிரியரைக் கைது செய்யவும் உத்தரவிட்டது. அவர் பிறந்த ஜெனீவா நகரமும் இரண்டு நூல்களையும் எரித்தது. பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரெடெரிக்கின் ஆட்சிக்கு உட்பட்ட நெஷாத்தேல் பகுதியில், மோத்தியே என்ற சிற்றூரில் அவர் மூன்று ஆண்டுகள் தங்கினார். 1764 இறுதியில் பெயரில்லாத ஒரு துண்டு நூல் வெளிவந்து, தமக்குப் பிறந்த ஐந்து குழந்தைகளையும் அவர் அநாதைக் காப்பகத்தில் விட்டுவிட்டார் என்ற, அதுவரை சில நண்பர்கள் மட்டுமே அறிந்திருந்த உண்மையை ஊரறியச் செய்தது. அதை எழுதியவர் வால்டேர். ஆனால் ரூசோ வேறொருவர் மீது பழி போட்டார். 1765 செப்டம்பரில் மோத்தியே மக்கள் இரவில் அவருடைய வீட்டின்மீது கல்லெறிந்தார்கள். அங்கிருந்து பியெல் ஏரியில் உள்ள சான் பியேர் தீவுக்குப் போனார். சில வாரங்களில் பெர்ன் அரசு அங்கிருந்தும் வெளியேற்றியது. எல்லாரும் தம்மைத் துரத்துகிறார்கள் என்று நினைத்தவரை நோயாளி என்று சொல்வதற்கு முன், உண்மையிலேயே எத்தனை பேர் துரத்தினார்கள் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஹியூமின் நிலை இதற்கு நேர்மாறானது. நாத்திகர் என்ற ஐயத்தால் எடின்பரோவிலும் கிளாஸ்கோவிலும் பேராசிரியர் பதவி கிடைக்காமல் போனவர், 1763இல் பிரிட்டிஷ் தூதர் ஹெர்ட்ஃபோர்ட் பிரபுவின் செயலராகப் பாரிசுக்கு வந்ததும் அந்நகரத்தின் செல்லப்பிள்ளையானார். 'நல்ல டேவிட்' என்பது அங்கே அவருக்கு வழங்கிய பெயர். திதரோ, தலம்பேர், ஹோல்பாக் பிரபு ஆகியோர் அடங்கிய அறிஞர் வட்டம் அவரைத் தன்னுள் ஒருவராகவே ஏற்றுக்கொண்டது. பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது: ஹியூமின் நண்பர்கள் பெரும்பாலும் ரூசோவின் முன்னாள் நண்பர்கள். திதரோவோடும் எழுத்தாளர் கிரிம்மோடும் ரூசோ 1757-58இல் முறித்துக்கொண்டார். தலம்பேருக்கு எதிராக 1758இல் ஒரு நூலே எழுதினார். 1760இல் வால்டேருக்கு எழுதிய கடிதத்தில் 'உங்களை நான் வெறுக்கிறேன்' என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். இந்த வட்டத்தில் இருந்துகொண்டே ரூசோவுக்கும் நண்பராக இருக்க முடியும் என்று ஹியூம் நம்பினார். அந்த நம்பிக்கையில் நல்லெண்ணம் இருந்தது. கொஞ்சம் தற்பெருமையும் இருந்தது.

இருவரையும் இணைத்தவர் பூஃப்லேர் சீமாட்டி. கோந்தி இளவரசரின் பாதுகாப்பில், கைது ஆணை எட்டாத தாம்ப்ள் வளாகத்தில், 1765 டிசம்பரில் ரூசோ தங்கியிருந்தபோது அவரைப் பார்க்கப் பாரிசே திரண்டது. ரூசோவின் துணைவி தெரேஸ் லெவாசரைப் பற்றி மொனாக்கோ இளவரசியைவிட அதிகமாகப் பேசுகிறார்கள் என்றும், சாதாரண இனத்தைச் சேர்ந்த அவருடைய நாய்க்குக்கூட உலகில் ஒரு பெயரும் புகழும் இருக்கின்றன என்றும் ஹியூம் வியந்து எழுதினார். ரூசோவைச் சாக்ரட்டீசுக்கு ஒப்பிட்டதும் அந்த வாரங்களில்தான். புறப்படுவதற்கு முன் விடைபெறச் சென்ற ஹியூமிடம், 'மார்புக்குள் ஒரு பாம்பை வைத்து வளர்க்கிறீர்கள்' என்று ஹோல்பாக் எச்சரித்ததாக அந்த வட்டத்தைச் சேர்ந்த எழுத்தாளர் மொரெல்லே தம் நினைவுக்குறிப்புகளில் சொல்கிறார். 1766 ஜனவரி 4ஆம் நாள் பாரிசிலிருந்து கிளம்பியவர்கள் 13ஆம் நாள் லண்டனை அடைந்தார்கள். டோவரில் கரை இறங்கியதும் ரூசோ ஒன்றும் பேசாமல் ஹியூமைக் கட்டிப்பிடித்துக் கண்ணீர் விட்டார். பிப்ரவரியில் ஹியூம் பாரிசுக்கு எழுதிய கடிதம் ஒன்றில், காலே துறைமுகம் போய்ச் சேர்வதற்குள்ளேயே சண்டை வரும் என்று தத்துவவாதிகள் ஆரூடம் சொன்னார்கள், ஆனால் வாழ்நாள் முழுவதும் இவரோடு நட்பாகவும் மதிப்பாகவும் வாழ முடியும் என்று நினைக்கிறேன், இருவருமே வாதம் செய்யும் வழக்கம் இல்லாதவர்கள் என்பது இந்த ஒற்றுமைக்கு ஒரு முக்கியக் காரணம் என்று எழுதியிருக்கிறார்.

லண்டனில் ஹியூம் செய்த உதவிகள் உண்மையானவை, பல. தங்குமிடம் தேடினார், அறிமுகங்கள் செய்துவைத்தார், மூன்றாம் ஜார்ஜ் மன்னரிடமிருந்து ஆண்டுக்கு 100 பவுண்டு உதவித்தொகை பெற்றுத்தர முயன்றார். ஜனவரி 23ஆம் நாள் ட்ரூரி லேன் நாடகசாலையில் கேரிக் நடிக்கும் நாடகத்துக்கு மன்னரும் அரசியும் வருவதாக இருந்தது. ரூசோவை அவர்கள் கண்ணில் படும்படி உட்கார வைக்க ஏற்பாடாகியிருந்தது. புறப்படும் நேரத்தில், தாம் இல்லாதபோது யாராவது கதவைத் திறந்தால் நாய் சுல்தான் ஓடிப்போய்விடும் என்று சொல்லி ரூசோ வரமாட்டேன் என்றார். நாயை அறையில் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள் என்றார் ஹியூம். பூட்டிவிட்டு மாடிப்படி இறங்கும்போது சுல்தான் ஊளையிட்டது. ரூசோ திரும்பி மேலே ஏறினார். ஹியூம் அவரைப் பிடித்து நிறுத்தி, அரசியைக் காக்க வைப்பது முறையல்ல என்று மன்றாடி அழைத்துப்போனார். அன்றிரவு மன்னரும் அரசியும் மேடையைப் பார்த்ததைவிட ரூசோவைப் பார்த்ததே அதிகம் என்று ஹியூம் பதிவு செய்கிறார். சிறுநீர்க் கோளாறு காரணமாக ரூசோ அணியத் தொடங்கியிருந்த ஆர்மீனிய அங்கியும் மென்மயிர்த் தொப்பியும் அந்தக் கூட்டத்தில் எப்படித் தெரிந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இந்தச் சம்பவத்தை வெறும் வேடிக்கையாகக் கடந்துபோகிறவர்கள் அதிலுள்ள முக்கியமான செய்தியைத் தவறவிடுகிறார்கள். புகழ்பெற்ற அகதி ஒருவரைத் தம் பாதுகாப்பில் கொண்டுவந்து காட்டுவதில் ஹியூமுக்கு மகிழ்ச்சி இருந்தது. காட்டப்படுவதில் ரூசோவுக்கு மகிழ்ச்சியும் அவமானமும் சேர்ந்தே இருந்தன. வாழ்நாள் முழுவதும் இசைக்குறிப்புகளைப் படியெடுத்துக் கிடைக்கும் கூலியில் வாழ்வதைக் கொள்கையாகக் கொண்டிருந்தவர் அவர். 1752இல் தம் இசைநாடகத்துக்காக பதினைந்தாம் லூயி மன்னர் அளிக்கவிருந்த உதவித்தொகையைப் பெறாமல் அரண்மனையிலிருந்து நழுவியவர். உபகாரம் பெறுவது என்பது அவருக்கு அடிமைப்படுவதற்கு அடுத்த படி. உபகாரம் செய்தவருக்குத் திருப்பிச் செலுத்த அவரிடம் இருந்தது ஒன்றே ஒன்று, முழு மனத்தையும் திறந்து கொடுக்கும் நட்பு. ஹியூமோ நன்மை செய்வார், கடிதம் எழுதுவார், சிரிப்பார், மனத்தைத் திறந்து காட்டமாட்டார். ஒருவர் கேட்டதை மற்றவரால் கொடுக்க முடியவில்லை.

அதற்கிடையே சிறுசிறு ஐயங்கள் சேர்ந்துகொண்டே வந்தன. ஹியூம் தங்கியிருந்த அதே வீட்டில், ரூசோவின் பரம எதிரியாகக் கருதப்பட்ட ஜெனீவா மருத்துவர் திரோன்ஷேனின் மகனும் தங்கியிருந்தார். இது தற்செயல்தான், ஆனால் ரூசோவின் இடத்தில் இருந்து பார்த்தால் தற்செயலாகத் தோன்றியிருக்காது. அக்காலத்தில் அஞ்சல் கட்டணத்தைக் கடிதம் பெறுபவரே கட்ட வேண்டும் என்பதால், குவியும் கடிதங்களின் செலவை ரூசோ குறைக்க விரும்பினார். ஹியூம் அவற்றின் போக்குவரத்தைக் கவனித்துக்கொண்டது அவருக்கு உளவாகப்பட்டது. ஹியூம் இன்னொன்றும் செய்தார்: ரூசோ சொல்லிக்கொள்ளும் அளவுக்கு ஏழையா என்பதை அறிய, பாரிசில் நண்பர்கள் வழியாக அவருடைய வங்கியாளரிடம் விசாரிக்கச் சொன்னார். நண்பரின் பணப்பையை அவர் அறியாமல் எண்ணிப் பார்ப்பதற்கு ஆர்வம் என்று பெயர் வைத்தாலும் அக்கறை என்று பெயர் வைத்தாலும் அது அழகான செயல் அல்ல. ரூசோவுக்கு எல்லாமே தெரிந்திருக்கவில்லை. ஆனால் தம்மைப் பற்றித் தம் முதுகுக்குப் பின்னால் ஏதோ நடக்கிறது என்ற அவருடைய உணர்வு முழுக்கக் கற்பனையும் அல்ல.

இப்போது மார்ச் 18ஆம் நாள் மாலைக்கு வருவோம். ஸ்டாஃபோர்ட்ஷயரில் உள்ள வூட்டன் மாளிகையை ரிச்சர்ட் டேவன்போர்ட் என்ற செல்வந்தர் ரூசோவுக்குத் தர முன்வந்திருந்தார். இலவசமாக இருக்கமாட்டேன் என்று ரூசோ பிடிவாதம் பிடித்ததால் ஆண்டுக்கு 30 பவுண்டு வாடகை பேசப்பட்டது. பயணச் செலவைக் குறைத்துக் காட்ட டேவன்போர்ட் ஒரு சின்னப் பொய் சொன்னார். அந்தத் திசையில் வெறுமையாகத் திரும்பிச் செல்லவிருக்கும் வாடகைக் குதிரைவண்டி ஒன்று மலிவாகக் கிடைத்திருக்கிறது என்றார். உண்மையில் வண்டியை அவரே அமர்த்தியிருந்தார். ரூசோ அதைக் கண்டுபிடித்துவிட்டார். புறப்படுவதற்கு முந்தைய இரவு லெஸ்டர் ஃபீல்ட்ஸ் அருகில் ஹியூம் இருந்த வீட்டில் இருவரும் கணப்பின் அருகே உட்கார்ந்திருந்தார்கள். தம்மைக் குழந்தையாகவும் பிச்சைக்காரராகவும் நடத்துவதாக ரூசோ குறைப்பட்டார். இந்தத் தந்திரத்தில் ஹியூமுக்கும் பங்கு உண்டு என்றார். ஹியூம் மறுத்தார், பேச்சை மாற்றப் பார்த்தார். ரூசோ முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு ஏறத்தாழ ஒரு மணி நேரம் பேசாமல் இருந்தார். பிறகு திடீரென்று எழுந்து அறையில் சிறிது நடந்தவர், ஹியூமின் மடியில் வந்து விழுந்து, கழுத்தைக் கட்டிக்கொண்டு, முத்தமிட்டு, முகமெல்லாம் கண்ணீராக மன்னிப்புக் கேட்டார். நானும் அவரை இருபது முறை கட்டித் தழுவி முத்தமிட்டேன், தாரைதாரையாகக் கண்ணீர் விட்டேன், என் வாழ்வில் இதைவிட நெகிழ்ச்சியான காட்சி நடந்ததில்லை என்று ஹியூம் ஒரு வாரத்துக்குப் பிறகு, மார்ச் 25ஆம் நாள், எடின்பரோவில் இருந்த நண்பர் ஹியூ பிளேருக்கு எழுதினார்.

இதே மாலையை ரூசோ நான்கு மாதங்கள் கழித்து வேறுவிதமாக எழுதினார். அவருடைய விவரிப்பில் குதிரைவண்டிக்கு இடமில்லை. கணப்பருகே இருந்தபோது ஹியூமின் பார்வை தம்மீது அசையாமல் நிலைத்திருந்தது, வறண்ட, எரிக்கும், ஏளனமான பார்வை அது, அதைத் திருப்பிப் பார்க்க முயன்றபோது உடல் நடுங்கியது என்கிறார். பிறகு குற்ற உணர்ச்சி மேலிட்டு, 'இல்லை, இல்லை, டேவிட் ஹியூம் துரோகி அல்ல. அவர் மனிதர்களில் மிகச் சிறந்தவராக இல்லாவிட்டால் மிகக் கொடியவராகத்தான் இருக்க வேண்டும்' என்று கதறிக்கொண்டு கழுத்தைக் கட்டிக்கொண்டார். ஹியூம் என்ன செய்தார்? முதுகில் மெல்லத் தட்டி, 'என்ன இது, ஐயா! என்ன இது, என் அன்புக்குரிய ஐயா!' என்று மட்டும் சொன்னார். துரோகி என்ற சொல்லைக் கேட்டும் கோபப்படவில்லை, எதற்காக அப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்கவும் இல்லை. குற்றமற்றவன் கேட்டிருப்பான் என்பது ரூசோவின் வாதம்.

ஹியூம் பிளேருக்கு எழுதிய கடிதம் சண்டைக்கு முன்பே எழுதப்பட்டது. அதில் பொய் சொல்ல அவருக்குக் காரணமே இல்லை. ரூசோவும் வூட்டன் சேர்ந்த உடனே, மார்ச் 22ஆம் நாள், இந்த இனிய புகலிடத்தை உங்களால் பெற்றேன் என்று நன்றியோடு ஹியூமுக்கு எழுதியிருக்கிறார். அதே கடிதத்தில், வண்டி விஷயத்தில் உங்களுக்குப் பங்கு இருந்தால் இத்தகைய சிறு தந்திரங்களை விட்டுவிடுங்கள் என்றும் சொல்கிறார். அதாவது அன்றைய சண்டை குதிரைவண்டியைப் பற்றியதுதான் என்பதற்கு ரூசோவின் கையெழுத்தே சாட்சி. எனவே உண்மை நிகழ்ச்சி என்ற அளவில் ஹியூமின் விவரிப்பையே ஏற்க வேண்டும். ஆனால் அந்தப் பார்வை பொய்யல்ல என்றே நினைக்கிறேன். எதையோ சிந்திக்கும்போது எதிரில் இருப்பவரை வெறித்துப் பார்த்துக்கொண்டிருப்பது ஹியூமின் நெடுநாள் பழக்கம். பருத்த உடலும் சலனமில்லாத முகமுமாக அவர் பார்க்கும் பார்வை பலரைச் சங்கடப்படுத்தியதாக அவரை அறிந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். பிரான்சு நாட்டு நண்பரான தலம்பேரே அந்தப் பழக்கத்தைக் குறித்து அவரை எச்சரித்ததுண்டு.

ஏப்ரல் தொடக்கத்தில் வெடித்தது அடுத்தது. 'செயின்ட் ஜேம்சஸ் கிரானிக்கிள்' என்ற லண்டன் செய்தித்தாள், பிரஷ்ய மன்னர் ரூசோவுக்கு எழுதியதாக ஒரு கேலிக் கடிதத்தை வெளியிட்டது. ஜெனீவாவும் சுவிட்சர்லாந்தும் பிரான்சும் கைவிட்ட உம்மை நான் ஏற்கிறேன், வாரும்; புதிய துன்பங்களைத் தேடி மூளையைக் கசக்கிக்கொண்டே இருப்பீரானால் விரும்பியதைத் தேர்ந்துகொள்ளும், நான் மன்னன், வேண்டிய துன்பத்தைத் தர என்னால் முடியும்; துன்புறுத்தப்படுவதில் பெருமை கொள்வதை நீர் நிறுத்தும்போது நானும் துன்புறுத்துவதை நிறுத்துகிறேன் என்பது அதன் சாரம். எழுதியவர் ஆங்கில எழுத்தாளர் ஹோரஸ் வால்போல். பாரிசில் முந்தைய டிசம்பரிலேயே அது கைக்குக் கை சுற்றியது. ரூசோ அதைத் தலம்பேரின் வேலை என்றும், இங்கிலாந்தில் அச்சேற்றியவர்களுக்கு ஹியூம் உடந்தை என்றும் முடிவு செய்தார். எய்தவன் இருக்க அம்பை நோவது போன்ற முடிவுதான் அது. இருந்தாலும் ஹியூமின் கை முற்றிலும் சுத்தமல்ல. அந்தக் கடிதம் பற்றி ஆசரி பிரபுவின் விருந்து மேசையில் தாமும் ஒரு நகைச்சுவை சொன்னதாக அவரே பிப்ரவரியில் ஒரு சீமாட்டிக்கு எழுதிய கடிதத்தில் ஒப்புக்கொள்கிறார். வால்போல் இப்படி ஒரு கடிதம் எழுதியது உண்மையா என்று ரூசோ கேட்டபோது ஹியூம் பதில் சொல்லாமல், இதை யாரிடமிருந்து கேள்விப்பட்டீர்கள் என்று திருப்பிக் கேட்டார் என்பது ரூசோவின் புகார். நேராகச் சொல்லியிருந்தால் அன்றே அந்தப் பேச்சு முடிந்திருக்கும்.

உதவித்தொகை விவகாரத்தைச் சுருக்கமாகவே சொல்லலாம். மன்னர் அதை இரகசியமாக வைக்க விரும்பினார். ரூசோ முதலில் அதற்கு இசைந்தார். கேலிக் கடிதம் வெளிவந்த பிறகு, மே 12ஆம் நாள், அமைச்சர் கான்வேக்கு அவர் எழுதிய கடிதம் ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. மனம் கலங்கியிருக்கும்போது முடிவெடுக்க முடியாது என்றது. இரகசியம்தான் அவருக்குத் தடை என்று தவறாகப் புரிந்துகொண்ட ஹியூம், உதவித்தொகையை வெளிப்படையாகவே வழங்க மன்னரை இசையவைக்கும் வேலையில் இறங்கினார். கான்வே வால்போலின் நெருங்கிய உறவினர் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்: ஒரு கை கேலி செய்கிறது, மறு கை தானம் தருகிறது, இரண்டையும் ஏற்பாடு செய்பவர் ஹியூம் என்று ரூசோவுக்குத் தோன்றியது. ஜூன் 23ஆம் நாள் அவர் எழுதினார்: உங்களை நான் அறிந்துகொண்டேன், அது உங்களுக்கும் தெரியும், வெளிப்பார்வைக்குப் புகலிடம் தேடித் தருவதற்காகவும் உண்மையில் என் மானத்தைக் கெடுப்பதற்காகவும் என்னை இங்கிலாந்துக்கு அழைத்து வந்தீர்கள்.

அதிர்ந்துபோன ஹியூம் 26ஆம் நாளே பதில் எழுதி, குற்றம் சாட்டியவர் யார், குற்றம் எது என்று கேட்டார். அந்தப் பதில் நியாயமானது. ஜூலை 10ஆம் நாளிட்டு ரூசோ அனுப்பிய மறுமொழி ஒரு சிறு நூலின் அளவுக்கு நீண்டது. அவர் எழுதியவற்றுள் மிக விசித்திரமானதும், இலக்கியமாகப் பார்த்தால் மிக வலிமையானதுமான பக்கங்கள் அதில் உள்ளன. பாரிசிலிருந்து புறப்பட்ட முதல் இரவு, விடுதியில் ஒரே அறையில் படுத்திருந்தபோது, ஹியூம் தூக்கத்தில் பலமுறை 'ழான் ழாக் ரூசோவைப் பிடித்துவிட்டேன்' என்று பிரெஞ்சில் உரக்கக் கத்தினார் என்று அதில் வருகிறது. நிகழ்ச்சிகளை அடுக்கிச் சொல்லும்போது, இதோ என் புரவலரின் கன்னத்தில் முதல் அறை, இதோ இரண்டாவது அறை என்று எண்ணிக்கொண்டே போகிறார். தூக்கத்தில் உளறுவதற்கெல்லாம் நான் பொறுப்பேற்க முடியாது, பிரெஞ்சில் கனவு காண்கிறேனா என்பதும் எனக்குத் தெரியாது என்று ஹியூம் பின்னால் அடிக்குறிப்பு எழுதினார். அந்தப் பகை முழுவதிலும் அவர் தம் இயல்பான நகைச்சுவையோடு பேசிய இடம் அநேகமாக அது ஒன்றுதான். கடிதத்தின் வாத முறை கவனிக்கத்தக்கது. ஒவ்வொரு தனிச் செய்தியும் அற்பமானது என்பதை ரூசோவே ஒப்புக்கொள்கிறார். எல்லாம் ஒரே திசையைக் காட்டுவதுதான் சான்று என்கிறார். எந்த மறுப்பையும் புதிய சான்றாக மாற்றிக்கொள்ளக்கூடிய இந்த முறைக்கு யாராலும் பதில் சொல்ல முடியாது.

ஹியூமின் பக்கம் பிசகத் தொடங்குவது இதற்கும் முன்பே. ஜூன் 23ஆம் நாள் கடிதம் கிடைத்த சில நாட்களுக்குள், ரூசோவின் விளக்கத்துக்குக்கூடக் காத்திராமல், அவர் பாரிசில் ஹோல்பாக்குக்கு எழுதி, ரூசோவை மிகக் கொடிய அயோக்கியன் என்ற பொருள்படக் கடும் சொற்களால் வருணித்தார். ரூசோவின் எதிரிகளுடைய கூடாரத்துக்கு நடுவில் போய் விழுந்த கடிதம் அது. சில நாட்களில் நகரமெங்கும் அதே பேச்சு. ரூசோவை ஹியூமிடம் ஒப்படைத்த பூஃப்லேர் சீமாட்டி, தமக்கு ஒரு வரிகூட எழுதாமல் ஹோல்பாக்குக்கு எழுதியதற்காகவும், இரக்கம் காட்ட வேண்டிய இடத்தில் ஆத்திரம் காட்டியதற்காகவும் ஹியூமைக் கடுமையாகக் கண்டித்தார். அவர் சொன்னது சரி. அப்போது பாரிசில் இருந்த ஹியூமின் நண்பர் ஆடம் ஸ்மித் ஜூலை 6ஆம் நாள் எழுதிய கடிதம் இன்னும் நடைமுறை அறிவு மிக்கது: ரூசோ அயோக்கியர் என்பதில் எனக்கு ஐயமில்லை, ஆனால் தயவுசெய்து எதையும் அச்சிடாதீர்கள்; இங்கிலாந்தில் மறக்கப்பட்டுவிடும் அபாயத்தில் இருக்கும் அவர் விரும்புவதே நீங்கள் எழுத வேண்டும் என்பதைத்தான் என்றார் அவர்.

ஹியூம் கேட்கவில்லை. ரூசோ தம் வாழ்க்கை வரலாற்றை எழுதிக்கொண்டிருக்கிறார் என்பது அவருக்குத் தெரியும். அதில் தாம் எப்படி இடம்பெறுவோம் என்ற அச்சம் அந்த மாதங்களில் அவர் எழுதிய கடிதங்களில் மீண்டும் மீண்டும் தலைகாட்டுகிறது. தலம்பேரும் நண்பர்களும் கூடி, வெளியிடுவதே நல்லது என்று ஆலோசனை சொன்னார்கள். கடிதங்களை உள்ளபடி வெளியிட ஹியூமுக்குத் துணிவில்லை என்று ரூசோ பாரிஸ் புத்தக வணிகர் ஒருவருக்கு எழுதியதும் எரிகிற தீயில் எண்ணெய் வார்த்தது. 1766 அக்டோபரில் சுவார் பிரெஞ்சில் மொழிபெயர்த்து, தலம்பேர் செப்பனிட்ட ஹியூமின் 'சுருக்கமான விளக்கம்' பாரிசில் வெளியானது; நவம்பரில் லண்டனில் ஆங்கிலப் பதிப்பு வந்தது. அதே அக்டோபரில் வால்டேரும் ஹியூமுக்கு எழுதுவதாக ஒரு பகிரங்கக் கடிதம் வெளியிட்டு ரூசோவைத் தாக்கினார். இல்லாத ஒரு சதியை ரூசோ கற்பனை செய்தார்; ஆறு மாதத்துக்குள், அவர் பெயர் சொல்லிக் குறிப்பிட்ட அதே மனிதர்கள் ஒன்றுகூடி அவருக்கு எதிராக ஒரு நூலை அச்சிட்டுவிட்டார்கள்.

இந்தப் பகையை அறிவுக்கும் உணர்ச்சிக்கும் நடந்த போர் என்று எழுதுவது வழக்கம். எனக்கு அது உடன்பாடில்லை. அறிவு உணர்ச்சிகளின் அடிமை, அப்படித்தான் இருக்கவும் வேண்டும் என்று 1739இலேயே எழுதியவர் ஹியூம். அந்த ஜூலை மாதத்தில் அதற்கு அவரே எடுத்துக்காட்டாக இருந்தார். ரூசோவைப் பற்றி யாரும் சொன்னவற்றுள் மிக நுட்பமானதும் அவருடைய வாக்கியம்தான், அதுவும் பிளேருக்கு எழுதிய அந்த மார்ச் கடிதத்திலேயே இருக்கிறது: உடையை மட்டுமல்லாமல் தோலையும் உரித்துவிட்டுக் காற்றிலும் மழையிலும் நிறுத்தப்பட்ட மனிதனைப் போன்றவர் இவர். இவ்வளவு தெளிவாகத் தெரிந்துவைத்திருந்தவர், மூன்று மாதம் கழித்து அதே மனிதரைத் திட்டமிட்டு ஏமாற்றிய அயோக்கியன் என்று நம்பினார். அவருடைய குற்றம் அது. நோயாளி என்று அவருக்குத் தெரிந்தவரை நோயாளியாக நடத்தியிருக்கலாம். ஒரு கடிதத்துக்குப் பதில் எழுதாமலே விட்டிருக்கலாம். ரூசோவின் குற்றமோ வேறு வகை. அவர் பொய் சொல்லவில்லை. தாம் நம்பியதையே எழுதினார். ஆனால் பிறருடைய மனத்தைத் தம் மனத்தின் நடுக்கத்தைக் கொண்டு அளந்தார்.

பிறகு நடந்தவை விரைவில் முடிகின்றன. வூட்டனில் தாவரங்களைச் சேகரித்துக்கொண்டும், 'ஒப்புதல் வாக்குமூலங்கள்' நூலின் முதல் பகுதியை எழுதிக்கொண்டும் இருந்த ரூசோ, 1767 மே 1ஆம் நாள் தெரேசோடு திடீரென்று கிளம்பி லிங்கன்ஷயரில் உள்ள ஸ்பால்டிங்குக்குப் போய்ச் சேர்ந்தார். தம்மைப் பாதுகாப்பாக நாட்டைவிட்டு அனுப்பிவைக்கக் காவல் தருமாறு அங்கிருந்து அரசின் தலைமை நீதியதிபருக்குக் கடிதம் எழுதினார். அம்மாதத்துக்குள் காலே திரும்பி, பிரான்சில் ரெனூ என்ற புனைபெயரில் கோந்தி இளவரசரின் மாளிகை ஒன்றில் மறைந்து வாழ்ந்தார். அப்போது கான்வேயின் அலுவலகத்தில் துணைச் செயலராக இருந்த ஹியூம், ரூசோவைக் கைது செய்யாமல் விட்டுவிடும்படி பாரிசில் உள்ளவர்களிடம் பேசுமாறு பிரெஞ்சு அரசு அதிகாரி துர்கோவுக்கு எழுதினார். இதை ரூசோ அறிந்திருந்தால் அதற்கும் ஒரு விளக்கம் கண்டுபிடித்திருப்பார். அது வேறு விஷயம்.

ஹியூம் அஞ்சிய நூலில் அவரைப் பற்றிய தாக்குதல் இல்லை. 'ஒப்புதல் வாக்குமூலங்கள்' 1765 இறுதியில், ரூசோ தீவை விட்டுப் புறப்படும் இடத்திலேயே நின்றுவிடுகிறது. இங்கிலாந்துப் பகுதி எழுதப்படவே இல்லை. 1776இல் இறப்பதற்கு நான்கு மாதங்களுக்கு முன் ஹியூம் எழுதிய சுருக்கமான தன்வரலாற்றிலும் ரூசோவின் பெயர் வரவில்லை. ரூசோவின் பிற்கால உரையாடல் நூலில் மட்டும் ஒரு கசப்பு எஞ்சியிருக்கிறது: 1766இல் ஆலன் ராம்சே ஆர்மீனிய உடையில் தம்மை வரைந்த ஓவியம், தம் முகத்தை அசுரனைப்போலக் காட்டுவதற்காகவே ஹியூம் செய்த ஏற்பாடு என்று அவர் நம்பினார். எடின்பரோவில் உள்ள அந்த ஓவியத்தைப் பார்ப்பவர்களுக்கு அதில் அசுரன் யாரும் தெரியமாட்டான்.

மேலும் படிக்க விரும்புகிறவர்கள் பிற்காலத்தார் எழுதிய விளக்கங்களிலிருந்து தொடங்க வேண்டாம். பிளேருக்கு ஹியூம் எழுதிய 1766 மார்ச் 25ஆம் நாள் கடிதத்தை முதலிலும், ஹியூமுக்கு ரூசோ எழுதிய ஜூலை 10ஆம் நாள் கடிதத்தை அடுத்தும் படியுங்கள். 'சுருக்கமான விளக்கம்' நூலைக் கடைசியாக எடுத்துக்கொள்ளுங்கள். அந்நூலை முதலில் படித்தால், வழக்கின் ஒரு தரப்பு வக்கீலின் வாயிலாகவே எல்லாவற்றையும் கேட்க நேரும்.